அறுபத்து மூன்று பேரீச்சங்கொட்டைகள்

பரீதாவைப் பற்றி வேறு யாராவது எழுதினால் அவளை மகானாக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் கொலைகாரியாக்கிவிடுவார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்காது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். என் பெயர் சந்திரகலா. உழவர்கரையில் ஒரு ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். "தண்ணி நெறைய குடிச்சிட்டு வாங்க, பாத்ரூம் போயிடாதீங்க" என்று இந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேரிடம் சொன்னவள் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருக்கட்டும்.

பரீதாவுக்கு நாற்பத்தொரு வயது. காஜியார் வீதியில் மாடி வீடு. கணவர் ஷஹாபுதீன் தட்டாஞ்சாவடியில் பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். சாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவர்களுக்கு அரீபா பிறந்தாள். அந்தப் பதினோரு வருஷத்தில் பரீதா எங்கள் சென்டர் நாற்காலியில் எத்தனை தடவை உட்கார்ந்தாள் என்று கேட்காதீர்கள். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது.

அரீபாவுக்கு ஒரு வயது ஆனபோது பரீதா வாட்ஸ்அப்பில் 'மடி' என்று ஒரு குழு ஆரம்பித்தாள். பிள்ளைக்காகக் காத்திருக்கிற பெண்களுக்கு. பதினாறு பேரில் தொடங்கியது, எட்டு வருஷத்தில் முந்நூறைத் தாண்டிவிட்டது. அவளும் நானும் அட்மின். காலை எட்டு மணிக்குள் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்துப் போட வேண்டும். கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, இரண்டு முட்டை. சர்க்கரை கூடாது, மைதா கூடாது, பத்து மணிக்குத் தூங்கிவிட வேண்டும். ஒருத்தி கூழ்க் கிண்ணத்தைப் படம் எடுத்துப் போட்டாள். படத்தின் ஓரத்தில் பிரியாணிக் குண்டான் தெரிந்தது. "கூழு உனக்கு, குண்டான் யாருக்குடி?" என்று பரீதா கேட்க, அன்று முழுக்கக் குழுவில் சிரிப்பு. கர்ப்பப் பொடி, மூலிகை லேகியம் என்று விற்க வருகிறவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது என் வேலை. மருந்து சொல்ல மாட்டோம். மருந்துக்கு டாக்டர் இருக்கிறார். சோறு, நடை, தூக்கம், ஆறுதல். இவ்வளவுதான் எங்கள் கடைச் சரக்கு.

ஆனால் ஒரு விதி இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பரீதா முதல் தடவை உண்டானபோது நாற்பத்தைந்தாவது நாளே தெருவுக்கே சொல்லிவிட்டாள். இனிப்பு கூடக் கொடுத்தாள். ஐம்பத்திரண்டாவது நாள் கலைந்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்றார் மாமியார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று எங்கள் பக்கமும் சொல்வதுதானே. இரண்டாவது தடவை மூச்சு விடவில்லை. அரீபா பிறந்தாள். அன்றிலிருந்து பரீதாவுக்கு அது வேதம். புதிதாகச் சேருகிற ஒவ்வொருத்திக்கும் குரல் பதிவு அனுப்புவாள்: "மாசம் தள்ளிப்போச்சுன்னா வாயத் தொறக்காதே. குரூப்புல கூட சொல்லாதே. பேசாம வெளிய போயிடு. நாங்க புரிஞ்சிக்குவோம். மூணு மாசம் ஆனப்புறம் ஊருக்கே சொல்லு."

ஒருத்தி வெளியேறினால் அது அட்மின்களுக்கு மட்டும்தான் தெரியும். உடனே பரீதா பெயரைச் சொல்லாமல், "இன்னிக்கு ஒரு பேரீச்சம்பழம்" என்று மட்டும் போடுவாள். அவ்வளவுதான், குழு திருவிழா ஆகிவிடும். எல்லோரும் ஆளுக்கொரு பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டு "சாப்ட்டாச்சு", "சாப்ட்டாச்சு" என்று போடுவார்கள். மாஷா அல்லாஹ் என்பவர்களும் உண்டு, முருகா என்பவர்களும் உண்டு. பரீதா தான் தின்ற பழத்தின் கொட்டையைக் கழுவித் துடைத்து, சமையலறை அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பாள். ஒரு கொட்டை, ஒரு பிள்ளை. அரீபா சின்னவளாக இருந்தபோது அந்தப் பாட்டிலைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டுவாள். "அதத் தொடாதே, அதுல பாப்பாங்க இருக்காங்க" என்று பரீதா பிடுங்கி வைப்பாள். கேட்கும்போது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகும். ஆனாலும் பேசாமல் இருந்தேன்.

போன வருஷம் பரீதா 'நூறு நாள் நடை' என்று ஒன்றைத் தொடங்கினாள். எல்லோரும் போனில் ஒரு நடைச் செயலியை இறக்கிக்கொண்டோம். யார் எத்தனை அடி நடந்தார்கள், எவ்வளவு தூரம், எந்த இடம் என்று தினமும் பட்டியல் வரும். அடி எண்ணுகிற பட்டை ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டால் இன்னும் வசதி. பரீதா விடிகாலையில் கடற்கரைச் சாலையில் நடப்பாள். நான் எங்கள் காலனிக்குள் நாய்களோடு சண்டை போட்டுக்கொண்டு நடப்பேன்.

பட்டியலில் தினமும் முதலில் வருகிறவள் தனக்கொடி. இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி ஏழு வருஷம். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வீடு அதற்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ரோஜா நிறப் பட்டை ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு படம் போட்டாள். தினமும் ஐந்தே காலுக்குத் தொடங்கி ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி மூன்று கிலோமீட்டர். நாலாயிரத்து நானூறு அடி, ஐம்பது முன்னே பின்னே இருக்கும். "அக்கா சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சே இல்ல" என்பாள். நாங்கள் யாரும் அவளை நேரில் பார்த்ததில்லை.

எழுபத்தொன்றாவது நாள் சாயங்காலம் தனக்கொடி குழுவிலிருந்து வெளியேறினாள்.

பரீதா எனக்குப் போன் செய்தாள். "சந்திராக்கா! தனக்கொடி போயிட்டாக்கா! ஏழு வருஷம்க்கா!" என்று அழுதாள். சந்தோஷ அழுகை. நானும் அழுதேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? முந்நூறு பேர் பேரீச்சம்பழம் தின்றார்கள். பாட்டிலில் அறுபத்து மூன்றாவது கொட்டை விழுந்தது.

நடைப் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக மூன்று நாள் பூஜ்யம். சரி, படுத்துவிட்டாள், நல்லதுதான் என்று நினைத்தோம். நாலாவது நாள், ஐந்தே காலுக்கு, தனக்கொடி மறுபடி நடந்தாள்.

"முட்டாளா இவ?" என்று பரீதாவுக்குக் கோபம். "இந்த நேரத்துல யாரு வேகமா நடக்கச் சொன்னது?" தனியாகச் செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுநாளும் ஐந்தே கால், மைதானம், மூன்று கிலோமீட்டர். போன் செத்துக் கிடக்கிறது, ஆள் மட்டும் நடந்துகொண்டிருக்கிறாள். கடைசியில் பரீதா நடைச் செயலிக்குள்ளேயே "நல்லா இருக்கியா தனம்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் கழித்து அதில் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். வேறொன்றும் இல்லை.

பரீதாவுக்கு உயிர் வந்தது. எனக்கு வரவில்லை. தனக்கொடி கட்டைவிரலோடு நிறுத்துகிறவள் இல்லை. ஒரு பூ, இரண்டு கும்பிடு, மூன்று இதயம் வைக்காமல் அவளுக்குப் பேசத் தெரியாது.

மத்தியானம் சென்டரில் கூட்டமில்லை. பட்டியலைத் திறந்து உட்கார்ந்தேன். பழைய நாட்கள்: மூன்று கிலோமீட்டர், நாலாயிரத்து நானூறு அடி. புதிய நாட்கள்: அதே மைதானம், அதே மூன்று கிலோமீட்டர், மூவாயிரத்து எழுநூற்றைம்பது அடி. எல்லா நாளும் அப்படியே. அறுநூறு அடிக்கு மேல் குறைகிறது, தூரம் குறையவில்லை. இது எப்படி ஆகும்? அடி ஒவ்வொன்றும் நீளமாகியிருந்தால்தான் ஆகும். மூன்று நாளில் ஒரு பொம்பளையின் கால் நீளுமா?

பரீதாவிடம் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறீர்கள் என்பாள் என்று நினைத்தேன். அவள் தானும் பட்டியலைத் திறந்து பார்த்தாள். "நாளைக்குக் காலையில உங்க ஸ்கூட்டிய எடுத்துக்கினு வாங்கக்கா" என்றாள்.

தொண்ணூற்று இரண்டாவது நாள் அது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. பள்ளிக்கூட மைதானம் முழுக்கப் பனி மூட்டம். கொடிக்கம்பம் பாதிக்கு மேல்தான் தெரிந்தது. சுற்றுச்சுவரில் ஒரு இடம் இடிந்திருந்தது, அங்கே நின்றோம். பரீதா போனைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் தனக்கொடியின் பெயருக்கு நேராக எண் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே மைதானத்தில் ஒரு பெண்ணும் இல்லை. ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூற்று முப்பது. பரீதா என் கையைப் பிடித்தாள். "அல்லாஹ்வே, யாரு நடக்குறா?" என்றாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். மடித்துக் கட்டிய லுங்கி, கட்டம் போட்ட சட்டை, மழிக்காத முகம். தலையைக் குனிந்துகொண்டு யாரோ விரட்டுகிற மாதிரி நடந்தான். எங்களைத் தாண்டும்போது இடது கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் ரோஜா நிறப் பட்டை, கடைசித் துளையில் மாட்டியும் சதையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, நில்லுப்பா" என்றேன்.

அவன் நிற்கவில்லை. "நின்னா கணக்கு வுட்டுப்போவும்மா. முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். நாங்கள் அந்த இடிந்த சுவரில் உட்கார்ந்து காத்திருந்தோம். அந்த இருபது நிமிஷம் என் வாழ்க்கையில் மறக்காது. பனிக்குள் போவான், காணாமல் போவான், செருப்புச் சத்தம் மட்டும் சுற்றி வரும். மறுபடி எங்கள் முன்னால் வருவான். கடைசிச் சுற்றில் பட்டை 'ட்ர்ர்' என்று அதிர்ந்தது. திரையில் 'வாழ்த்துகள் தனக்கொடி, இன்றைய இலக்கு முடிந்தது' என்று வந்தது.

அவன் வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தான். முக்காடு போட்டிருந்த பரீதாவைப் பார்த்து, "நீங்கதான் பரீதாக்காவா?" என்றான். அவன் பெயர் ஹரிகிருஷ்ணன். தனக்கொடியின் வீட்டுக்காரன்.

"தனம் எங்கப்பா?"

"உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலியாக்கா?" என்று எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அவ செத்துப்போயி இருவது நாளாவுது."

பரீதா "இன்னா லில்லாஹி" என்று சாவுச் சேதிக்குச் சொல்கிற வசனத்தைத் தொடங்கி முடிக்க முடியாமல் நிறுத்தினாள்.

அவன்தான் சொன்னான், மெதுவாக, யார் மேலும் கோபமில்லாமல். எட்டு நாள் தள்ளிப்போயிருந்தது. கர்ப்பம் பார்க்கிற அட்டையில் இரண்டு கோடு பார்த்து இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். "எங்கம்மாவுக்குக் கூட சொல்லக்கூடாதுன்னு வாயக் கட்டிப்புட்டாக்கா. ரெண்டு நாளா அடிவயித்துல ஒரு பக்கமா வலி. கரு உக்காரும்போது அப்பிடித்தான் இருக்கும்னா. தோள்பட்டை வேற வலிக்குதுன்னா. பெட்டி தூக்கறா, அதான்னு நெனச்சிக்கினோம். குரூப்புல கேளேன்டி, அக்காங்களுக்குத் தெரியுமேன்னேன். வாயத் தொறந்தா கண்ணு பட்டுடும், பேசாம வெளிய போயிடணும், அக்கா சொல்லிக்கீறாங்கன்னா. வெளிய போயிட்டா. மறுநாளு கம்பெனியில மயக்கம் போட்டு வுழுந்துட்டா. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினோம். கரு கர்ப்பப்பைக்கு வராம குழாயிலயே தங்கிடுச்சாம். வெடிச்சிடுச்சாம். ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்க."

ஒரு பக்க வலி, தோள்பட்டை வலி. கரு குழாயில் தங்கி உள்ளே ரத்தம் கசிகிறது என்பதற்கு அடையாளம். இருபத்திரண்டு வருஷம் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது தெரியாதா? அவள் ஒரு வரி எழுதியிருந்தால், "ஏ தனம், இப்பவே ஆட்டோ ஏறு" என்று கத்தியிருப்பேன். எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. ஊரில் உள்ள எல்லா விஷயத்துக்கும் நீள்கிற என் வாய், எட்டு வருஷமாக அந்த விதியின் முன்னால் மட்டும் மூடிக்கிடந்தது. கண்ணடிக்குப் பயந்து சொந்த அறிவை அடகு வைத்தவள் நான். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

"அப்ப நீ ஏம்பா நடக்கற?" என்று கேட்டேன்.

"நூறு நாள் நடக்கறேன்னு அவ வேண்டிக்கினு இருந்தாளேக்கா. வேண்டுதல பாதியில வுடலாமா? அவ போனு பீரோல கெடக்குது, அதத் தொறக்க மனசு வரல. இத மட்டும் என் போன்ல ஏத்திக்கினேன். பாஸ்வேர்டு என் பேருதான். அதுல நீங்க நல்லா இருக்கியான்னு கேட்டப்ப என்னா எழுதறதுன்னு தெரியல, கட்டவெரல அமுக்கிட்டேன்." பட்டையைத் தடவினான். பிறகு பரீதாவிடம், ஆசிரியையிடம் கேட்கிற பையன் மாதிரி கேட்டான்: "காரியத்துல மூணு நாள் வுட்டுப்போச்சு. நூத்தி மூணு நாள் நடந்தா சரியாப் போயிடுமாக்கா?"

பரீதா சரி என்று தலையை ஆட்டினாள். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வீட்டுக்குப் போனதும் பரீதா பாட்டிலை எடுத்துச் சமையலறைத் தரையில் கொட்டினாள். கொட்டைகள் உருண்டோடின. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சந்திராக்கா, இதுல எது தனக்கொடி?" என்றாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. "மத்ததெல்லாம் யாரு? இவங்க எல்லாம் உசுரோட இருக்காங்களா?"

அதன் பிறகு பதினொரு நாள் பரீதா போன் செய்தபடியே இருந்தாள். அறுபத்திரண்டு பேர். எட்டு வருஷமாக மௌனத்தையே நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டவள், ஒவ்வொரு மௌனத்தையும் தட்டிக் கேட்டாள். சில போன்களில் பின்னால் குழந்தை கத்தியது. அந்தக் கொட்டையை எடுத்து வலது பக்கம் வைத்தாள். இருபத்தொன்பது கொட்டை வலது பக்கம் சேர்ந்தது. மற்றவர்கள் அலுத்துப்போய் வெளியேறியவர்கள், மாமியார் போனைப் பிடுங்கியவர்கள், எண்ணே இல்லாமல் போனவர்கள். கலைவாணி என்று ஒருத்தி, வில்லியனூர்க்காரி, அமைதியாகச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு வேற கல்யாணம் பண்ணிக்கினாருக்கா. அன்னிக்குத்தான் குரூப்ப வுட்டு வந்தேன். என் தங்கச்சியும் உங்க குரூப்புலதான் இருக்கா. எனக்காக நீங்க எல்லாரும் பேரீச்சம்பழம் துன்னத அவ போன்ல காட்டினா."

அன்றைக்குத்தான் பரீதா வாய்விட்டு அழுதாள். ஷஹாபுதீன் பட்டறைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குழுவையே கலைத்துவிடுகிறேன் என்றாள். நான் விடவில்லை. "கலைச்சிட்டு? வாயக் கட்டச் சொன்னது நாம. நாமதான் அவுக்கணும்" என்று சத்தம் போட்டேன்.

தனக்கொடியின் பெயரைச் சொல்லாமல் நடந்ததைக் குழுவில் எழுதினாள். அதில் தன்னை எங்கேயும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. சிலர் அவளைக் கண்டபடி பேசினார்கள், வாங்கிக்கொண்டாள். புது விதி ஒன்றே ஒன்று: நாள் தள்ளினால் முதலில் டாக்டர், அடுத்தது எங்களுக்கு ஒரு வார்த்தை; பேசாமல் வெளியேறினால் ஒரு மணி நேரத்துக்குள் பரீதா கூப்பிடுவாள், எடுக்கிறவரை கூப்பிடுவாள். நூற்று மூன்றாவது நாள் ஹரிகிருஷ்ணன் நடையை முடித்தான். மறுநாளிலிருந்து தனக்கொடியின் பெயருக்கு நேராகப் பூஜ்யம். 'தனக்கொடி இன்று நடக்கவில்லை, நினைவூட்டவா?' என்று செயலி தினமும் காலையில் கேட்கிறது. நானும் பரீதாவும் அந்தப் பெயரை இன்னும் நீக்கவில்லை.

ஆனால் எட்டு வருஷப் பழக்கம் ஒரே நாளில் போகுமா? ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, உழவர்கரையில் இருக்கிற பாக்கியலட்சுமி பேசாமல் வெளியேறினாள். நான் அப்போது பரீதா வீட்டில் இருந்தேன். பரீதா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இரண்டாம் தடவை துண்டித்தாள். ஐந்தாம் தடவை எடுத்தாள். பரீதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்று குசுகுசுத்தாள் பாக்கியலட்சுமி. "நல்ல சேதிதான். டாக்டரத் திங்கக்கெழம பாக்கறேன். நீங்க விதிய மாத்துனாலும் எனக்கு மனசு கேக்கல, அதான் சொல்லல."

"வலி இருக்கா?"

"லேசா."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம் மட்டும். சாதாரணமாத்தான்."

பரீதா என்னைப் பார்த்தாள். "தோள்பட்டை வலிக்குதா பாக்கியம்?"

பயந்த குரலில் பதில் வந்தது: "ஆமாக்கா, காலையிலேருந்து. நான் யாருகிட்டயும் சொல்லலியே. உங்களுக்கு யாரு சொன்னா?"

"தனக்கொடி சொன்னா" என்றாள் பரீதா. "நீ செருப்ப மாட்டு. சந்திராக்கா ஆட்டோவோட வராங்க."

நான் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானமே ஆபரேஷன் ஆயிற்று. குழாய் கசியத் தொடங்கியிருந்தது, வெடிக்கவில்லை. பிள்ளை தங்கவில்லை, பாக்கியலட்சுமி தங்கினாள். சாயங்காலம் அவள் கண் விழித்துவிட்டாள் என்று நான் போனில் சொன்னபோது, பரீதா "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். பின்னால் அலமாரிக் கதவு திறக்கிற சத்தமும், அன்று கொட்டியதிலிருந்து காலியாகவே இருந்த பாட்டிலில் ஒரு கொட்டை விழுகிற சத்தமும் கேட்டன.